சுவரில் ஒட்டியிருந்த சாப்பாடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரை எப்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சு, மத்தியானம் மலையில் நிற்கும்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிற ஆளைக் கேட்டால்கூட, "இப்பத்தாங்க வீட்ல சாப்டுட்டு வந்தேன்" என்பார். அதற்குப் பிறகு மூன்று தடவை சோறு வாங்குவார். இதைப் பொய் என்று இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், இரண்டு பேரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

நானும் அந்த ஜாதிதான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குக் கூடுதலாக ஒரு பதவி உண்டு. பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவை இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளைத் தராசில் நிறுப்பது, சத்துமா கரைத்துக் கொடுப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் என் வேலை. நிறை குறைந்த பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவதும் என் வேலைதான். கடைசியாகச் சொன்னதில் எனக்கு நல்ல பெயர் இருக்கிறது.

"ராத்திரி புள்ளைக்கு என்னா குடுத்த?"

"சோறுங்க டீச்சர்."

"சோத்துக்கு?"

தாய் தன் செருப்பைப் பார்ப்பாள். நான் பிடித்துக்கொள்வேன். யார் வீட்டில் வெறும் ரொட்டியும் சம்பலும், யார் வீட்டில் பருப்பு வெந்தது என்பதைப் பிள்ளையின் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் காம்பராவின் சுவரில் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருக்கிறது. காலையில் அவித்த கடலையும் முட்டையும், பத்து மணிக்கு ஒரு பழம், மத்தியானம் சோற்றோடு மீன், பருப்பு, கீரை, சாயந்தரம் ஒரு கிளாஸ் பால், இரவுக்கு மறுபடியும் சோறும் காய்கறியும் என்று கலர் கலராகப் படம் போட்டது. அந்த அட்டையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடும். அப்படிச் சாப்பிடுகிற குடும்பம் எதையும் நான் அட்டைக்கு வெளியே பார்த்ததில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் தினமும் கண் முன்னால் இருந்ததால் எனக்கு அது மனப்பாடம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட ஐந்து வயது மூத்தவள். நான் இருக்கிற அதே லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே நீளமாகப் போகிற வரிசை வீடுகளில், என் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி இருக்கிறாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்து பறித்து, அறுபதில் வேலையை விட்டாள். அத்தான் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடமாகிறது. ஒரே மகன் கட்டாரில். அக்கா அதிகம் பேச மாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் கடவுள் கொடுத்த பேச்சு மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று அத்தான் கேலி செய்வார்.

போன வருடம் அக்காவுக்குக் கீழே நாலு பல்லும் மேலே ஒன்றும்தான் மிச்சம். நான்தான் விடாப்பிடியாக ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், இருந்ததையும் பிடுங்கச் செய்து, பல்செட் கட்டி வைத்தேன். அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. பல் இல்லாமல் எப்படி மரக்கறி சாப்பிடுவாய், எப்படி இறைச்சி சாப்பிடுவாய் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாடம் நடத்தினேன். செட் போட்டுப் பார்த்த அன்றைக்கு, "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு வெற்றி.

அதற்குப் பிறகு தினமும் சாயந்தரம் காம்பராவைப் பூட்டிவிட்டு வந்து, சமைத்து, அக்காவுக்கு ஒரு கிண்ணத்தில் சோறும் கறியும் கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் காலை கிண்ணம் பளபளவென்று கழுவி என் ஜன்னலில் இருக்கும். பல்செட் வந்த பிறகு அக்கா வெளுத்துக் கட்டுகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் ஊர்க் குளிரில் ஒருத்தி மெலிந்தால் வெளியே தெரியாது. உள்ளே ஒரு சுவெட்டர், அதற்கு மேலே இன்னொரு சுவெட்டர், அதற்கும் மேலே சால்வை. அக்காவை அந்தச் சுற்றலில்லாமல் நான் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. லயத்தின் கடைசி வீட்டில் ஒரு செம்பட்டை நாய். எலும்பும் தோலுமாகத் திரிந்த அந்த நாய் அந்த மாதங்களில் உருண்டு திரண்டு, படியேறினால் மூச்சு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. நான் வேறு அதைப் பார்த்து, "நாயி மட்டும் நல்லா இருக்கு, புள்ளைக்கு நிறை ஏறல" என்று அந்த வீட்டுக்காரியைத் திட்டினேன். நகத்தைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு நாயைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆடி மாதத்து மழையில் அக்காவுக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலானது. ஒரு நாள் காலை கிண்ணம் ஜன்னலில் இல்லை. போய்ப் பார்த்தால் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், உதடு நீலம். த்ரீவீலில் தோட்டத்து மருந்துக்கடை, அங்கிருந்து ஆம்புலன்ஸ், பிறகு பெரியாஸ்பத்திரி. நியூமோனியா, இரண்டு பக்கத்து நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். சாயந்தரத்துக்குள் ஐசியுவில் தூங்க வைத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, மெஷினோடு சேர்த்துவிட்டார்கள்.

ஐசியுவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒரு ஆள் மட்டும், கொஞ்ச நேரம் போகலாம். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கியை மாட்டி, கையைக் கழுவி உள்ளே போக வேண்டும். எனக்கு அந்த அங்கி முழங்கால் வரை, முன்னால் போனவருக்குத் தரை வரை. அக்கா பச்சைப் போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். மூக்கு வழியாக மெல்லிசாக இன்னொரு குழாய் வயிற்றுக்குப் போகிறது. அதன் வழியாகத்தான் சாப்பாடு. ஒரு மிஸ், அதாவது நர்ஸ், பவுடரைக் கரைத்து, தேங்காய்ப்பால் நிறத்தில் இருந்த அதை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறேன். துப்பும், முகத்தைத் திருப்பும், கையைத் தட்டிவிடும். இப்படி ஒரு சத்தமும் இல்லாமல் ஒருத்தி சாப்பிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டு வந்தது, மெஷின் அல்ல.

மறுநாள் ஒரு இளம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நோயாளிகளுக்குப் போசாக்கு எவ்வளவு, எப்படி என்று பார்க்கிற டாக்டராம். தடித்த கண்ணாடி, கையில் அக்காவின் டிக்கட். நோயாளி பற்றி எல்லாம் எழுதி வைக்கிற தாள்களை ஆஸ்பத்திரியில் டிக்கட் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. என் சிங்களம் நன்றாக இருக்கும், திட்டுவதற்கு அதுவும் உதவும்.

"இந்த நோய் வாறதுக்கு முதல் அக்கா வழக்கமா என்ன சாப்பிடுவாங்க?" என்று டாக்டர் கேட்டார். நேராக, பணிவாகத்தான் கேட்டார்.

எனக்குள் என்னவோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. தோட்டத்து ஆள் என்றால் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் என்று இவர் மனதுக்குள் முன்கூட்டியே எழுதிவிட்டிருப்பார் என்று தோன்றியது. பாவம், அவர் எதையும் எழுதியிருக்கவில்லை, பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"காலையில அவிச்ச கடலை, ஒரு முட்டை," என்றேன். "பத்து மணிக்குப் பழம். பகலுக்குச் சோறு, மீன், பருப்பு, கீரை. பின்னேரம் ஒரு கிளாஸ் பால்."

டாக்டர் எழுதினார். நான் அட்டையில் இருந்த வரிசை மாறாமல் சொல்லி முடித்தேன். இரவுக்கு உரிய காய்கறியைக்கூட விடவில்லை.

"நல்ல சாப்பாடு," என்றார்.

"நான் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறவள்," என்றேன். குரலில் மெடல் தொங்கியது.

"நிறை குறைஞ்ச மாதிரி இருந்ததா?"

"இல்லை."

"கடைசியா நிறுத்தது எப்போ?"

தோட்டத்தில் நான் நிறுக்காத பிள்ளை இல்லை. அக்காவை ஒரு நாளும் நிறுத்ததில்லை. "ஐம்பது கிலோவுக்கு மேல," என்று அடித்துவிட்டேன்.

இதில் முழுப் பொய் எவ்வளவு, அரைப் பொய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடலை, முட்டை, பழம், பால் எல்லாம் அட்டை. ஆனால் அக்கா சாப்பிடுகிறாள் என்பதை நான் நம்பினேன். தினமும் கழுவின கிண்ணத்தைப் பார்த்தவள் வேறு எதை நம்புவாள்? அதனால் எனக்குக் குற்ற உணர்ச்சி என்று ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெருகு போட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாலாவது நாள் அந்த டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார். முகம் சரியில்லை. நுரையீரல் தெளிகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் மெஷினைக் குறைத்தால் அக்காவால் மூச்சு இழுக்க முடியவில்லை என்றார். நெஞ்சுத் துடிப்பும் இடைக்கிடை தாறுமாறாக ஓடுகிறது. ரத்தத்தில் பொஸ்பேட் என்கிற உப்பு விழுந்துகொண்டே போகிறது. ஊசி வழியாக ஏற்றுகிறார்கள், ஏற்ற ஏற்ற இறங்குகிறது. வேறு ஏதாவது கோளாறா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"நாள் கணக்கா சாப்பிடாம இருந்த ஆளுக்குத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தா இப்படி வரும்," என்றார். "உடம்பு அவசரப்பட்டு, மிச்சமிருக்கிற உப்பையெல்லாம் அந்தச் சாப்பாட்டுக்கே செலவழிச்சிடும். மூச்சுக்கும் நெஞ்சுக்கும் ஒன்றும் இருக்காது. ஆனா நீங்க சொன்னதைப் பார்த்தா அக்கா நல்லா சாப்பிட்டிருக்காங்க. உண்மையா சாப்பிட்டாங்களா?"

அந்த நேரத்திலாவது நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். என் காதில் விழுந்ததோ கடைசிக் கேள்வி மட்டும்தான்.

"எங்கட வீட்டில யாரும் பட்டினி கிடந்ததில்லை," என்றேன். அப்படிச் சொல்லும்போது குரல் ஏறியது. பக்கத்திலிருந்த மிஸ் திரும்பிப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு டிக்கட்டோடு போய்விட்டார்.

அன்று பகல் ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். நாலு நாளாக ஒரே உடுப்பு. தலவாக்கலையில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, பூண்டுலோயாவில் இறங்கி, மேலே ஏறி லயத்துக்கு வரும்போது நாலரை மணி இருக்கும். அக்காவுக்கு வேண்டிய சாமான் இரண்டை எடுக்கலாம் என்று அவள் கதவைத் திறந்தேன்.

பின் கதவுக்கு வெளியே அந்தச் செம்பட்டை நாய் உட்கார்ந்திருந்தது. முன்னங்காலை ஒழுங்காகச் சேர்த்து வைத்து, கதவைப் பார்த்தபடி, நேரத்துக்கு முந்தியே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி. விரட்டினேன். நகரவில்லை. என் கையைப் பார்த்தது.

கடைசி வீட்டுக்காரி நாயைத் தேடிக்கொண்டு வந்தாள். "போ மாட்டேங்குதுங்க டீச்சர். நாலு நாளா இந்த நேரத்துலருந்தே வந்து இருட்டுற வரைக்கும் குந்திக்கிட்டு இருக்கு. பெரியக்கா தெனமும் சோறு வைப்பாங்கல்ல, அந்தப் பழக்கம்."

"எந்தச் சோறு?"

"நீங்க குடுக்குற சோறுதாங்க." அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள். "டீச்சர்கிட்ட சொல்லிறாதன்னு சொன்னாங்க. பல்செட்டு போட்டா ஈறு புண்ணாவுதாம், களட்டுனா மெல்ல முடியலையாம். நீங்க ஆசயா கட்டிக் குடுத்ததுன்னு சொல்ல மனசு வரலையாம்."

"எத்தன நாளா?"

"அது... வைகாசில வெசாக் லீவு வந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடியே இருந்துங்க. டீயில பிஸ்கட்ட நனச்சு நனச்சு சாப்புடுவாங்க. கடசி ரெண்டு வாரமா அதுவும் இல்ல. வெறும் டீத்தண்ணி."

நான் சமையல் பக்கம் போனேன். அரிசி டின் நிரம்பியிருந்தது. மாவில் வண்டு. அடுப்புக்குப் பக்கத்தில், தண்ணீர் ஊற்றிய ஜாம் போத்தலில், பல்செட் எனக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கொடியில் அக்காவின் பாவாடை. அதன் நாடாவில் பழைய முடிச்சு விழுந்த தடம் ஒன்று, அதற்கு உள்ளே ஒரு சாண் தள்ளிப் புதுத் தடம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த அடுத்த நிமிடம் எழுந்தேன், ஏனென்றால் அக்காவின் மூக்குக் குழாயில் அந்த நேரமும் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. நல்லா சாப்பிட்ட ஆளுக்குக் கொடுக்கிற அளவு. நான் சொன்ன அளவு.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. சிக்னல் வேண்டுமென்றால் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்து வளைவுக்குப் போக வேண்டும். பறித்த கொழுந்தை நிறுக்கிற இடம் அது. நாலரை மணி என்றால் அங்கே முழு மலையும் வரிசையில் நிற்கும். ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் நான் அப்படி ஓடியதை அந்த வளைவில் இருந்தவர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

ஐசியு நம்பரை அந்த மிஸ் எழுதித் தந்திருந்தார். மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தார்கள். போசாக்கு டாக்டர் வேண்டும் என்றேன். வேறு வார்டில் இருக்கிறார், பிறகு எடுங்கள் என்றது குரல். "பிறகு எடுத்தா என் அக்கா செத்துப் போவா," என்று நான் சிங்களத்தில் கத்தினேன். வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. மடுவத்தில் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் வந்தது.

"நான் சொன்னது பொய்," என்றேன். சிக்னல் இழுத்தது. கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். அதனால் இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் சொன்னது பொய், டாக்டர். கடலை இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. அதெல்லாம் எங்கட காம்பரா சுவத்தில இருக்கிற படம். அக்கா ரெண்டு மூணு மாசமா டீயும் பிஸ்கட்டும்தான். கடைசி ரெண்டு கிழமை டீ மட்டும்தான். எனக்குத் தெரியாது. பக்கத்தில இருந்தும் எனக்குத் தெரியாது."

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். ராத்திரி என்ன கொடுத்தாய், சோற்றுக்கு என்ன என்று நான் நிற்க வைத்துக் கேட்டவர்கள். எல்லோருக்கும் சிங்களம் புரியும். நான் அவர்களைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சீனி போடுவாரா, உடுப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது, வாந்தி இருந்ததா என்று வேகமாக நாலைந்து கேள்வி கேட்டார். பாவாடை நாடாவின் கதையைச் சொன்னேன். "அது போதும்," என்றார். "இப்பவே சாப்பாட்டைக் குறைக்கிறேன். நீங்க சொன்னது நல்லது." போன் நின்றது.

திரும்பினால் ஒருத்தி தன் சுவெட்டர் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து என்னிடம் நீட்டினாள். போன மாதம்தான் அவள் பிள்ளைக்காக அவளை அரை மணி நேரம் திட்டியிருந்தேன். "வாயில போடுங்க டீச்சர். மொகம் வெளுத்துப் போச்சு. சாப்டீங்களா?"

"சாப்டேன்," என்றேன். அந்த நிலைமையிலும் வாய் அதைத்தான் சொன்னது.

அதற்குப் பிறகு ஐசியுவில் என் அக்கா சாப்பிட்ட மாதிரி நிதானமாக உலகத்தில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். விற்றமின் ஊசி போட்டார்கள். காலையும் மாலையும் ரத்தம் எடுத்து உப்பைப் பார்த்து, அது நின்ற பிறகுதான் குழாயில் கொஞ்சம் கூட்டினார்கள். சிரிஞ்சுக்குப் பதில் சொட்டுச் சொட்டாக விடுகிற ஒரு பம்ப் வந்தது. நான் தினமும் அந்தப் பம்பில் ஓடுகிற இலக்கத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் அறிவிப்பேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் எனக்கு முன்னால் ஓடி வந்து, "ஒங்க அக்காவுக்கு இன்னைக்கு அஞ்சு கூடிருச்சு" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆறாவது நாள் பொஸ்பேட் ஓரிடத்தில் நின்றது. ஒன்பதாவது நாள் மெஷினைக் குறைத்தார்கள், அக்கா தானாக இழுத்தாள். பதினோராவது நாள் வாய்க் குழாயை எடுத்தார்கள்.

முதல் நாள் அவளுக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் நாள் காற்றாக வந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "நாயிக்கு யாரு சோறு வைக்கிறா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. இத்தனை நாள் அழுத அழுகை, நேர்ந்த நேர்த்திக்கடன், எல்லாவற்றுக்கும் சேர்த்து நாய். "ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றேன். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்னா பேயா பிசாசா?"

அக்கா யோசித்தாள். "கொஞ்சம்," என்றாள்.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்க" என்றேன். பல்செட்டுக்காக, கடலைக்காக, ஐம்பது கிலோவுக்காக. கடலையும் கிலோவும் அவளுக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன்.

சாதாரண வார்டுக்கு மாற்றின பிறகு அந்த டாக்டர் தினமும் வந்தார். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, குழைந்த சோறும் மசித்த பருப்பும், இடையில் மூன்று வேளை சத்துப் பவுடர் கரைத்த கிளாஸும் கொடுக்கச் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதை மிஸ் அதில் எழுதுவார். முழுசு, முக்கால், அரை, கால். அதைப் பார்த்துத்தான் குழாய் மறுபடி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம்.

முதல் நாள் டாக்டர் கேட்டார், சாப்பிட்டாச்சா என்று. அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சாப்பிட்டாச்சு என்று தலையாட்டினாள். தட்டு மூடியிருந்தது. நான் எட்டி மூடியைத் திறந்து காட்டினேன். ஒரு பருக்கை குறையவில்லை.

"எங்க ஆக்கள் சாப்பிட்டாச்சுன்னு சொன்னா நம்பாதீங்க, டாக்டர்," என்றேன். "தட்டைத் திறந்து பாருங்க." டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அக்கா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை, ஆனால் அரைத் தட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பகல். நான் விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, நேரே வார்டுக்கு வந்திருந்தேன். அக்கா சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, கரண்டியால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எட்டி என் பையைத் திறந்தாள். காலையில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொதி கட்டு அவிழாமல் கல்லாகக் கிடந்தது. தட்டை என் பக்கம் தள்ளினாள். உப்பில்லாத பருப்பு, குழைந்த சோறு. சாப்பிட்டேன். அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். சின்ன வயதில் அப்படிச் சாப்பிட்டது. தட்டு காலியானது.

மிஸ் வந்து காலித் தட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். அன்று வரைக்கும் அக்கா முழுத் தட்டைக் காலி செய்ததே இல்லை. தாளில் முழுசு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். முழுசு என்று இருந்தால் டாக்டர் சந்தோஷப்படுவார், நாளைக்கு அனுப்பிவிடுவார். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும்.

நான் எழுந்து மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், அதில பாதியை நான் சாப்பிட்டேன்," என்று சிங்களத்தில் சொன்னேன். இந்த மிஸ்ஸுக்கும் தமிழ் தெரியாது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பி வந்து, முழுசை அடித்துவிட்டு, அரை என்று எழுதினார். பிறகு, "நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "சாப்பிடவில்லை."

அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறதென்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து அக்கா, அந்தக் காற்றுக் குரலில், தமிழ் தெரியாத அந்த மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் இன்னும் கொஞ்சம் வேணும்."